மாதாவுக்கு எதற்கு இத்தனை பூட்டு

பேராசிரியரே, நீங்கள் பொய் சொல்லியிருக்கிறீர்கள். அதுவும் கல்லில்.

வாயால் சொல்லியிருந்தால் காற்றோடு போயிருக்கும், நானும் விட்டிருப்பேன். நீங்கள் அதைக் கறுப்பு கிரானைட்டில் தங்க எழுத்தில் வெட்டி, எங்கள் ஏரிக்கரை மாதா கோயில் வாசலில் நட்டு வைத்துவிட்டீர்கள். அதைப் பார்த்துக்கொண்டேதான் தினமும் பால் வாங்கப் போகிறேன். காலையில் எழுந்ததும் முதலில் உங்கள் பொய், அதற்கப்புறம்தான் பால்காரர் முகம்.

அந்தக் கல்லைப் படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த மேட்டில் ஆதி காலத்தில் பூட்டை வணங்கிய மக்கள் வாழ்ந்தார்களாம். அந்த வழிபாட்டின் தொடர்ச்சியாகத்தான் பிரெஞ்சுச் சாமியார் ஒருவர் இங்கே பூட்டு மாதாவுக்குக் கோயில் கட்டினாராம். கோயிலின் ஏரிக் கதவு கட்டிய நாள் முதல் பூட்டியே இருக்கிறதாம். ஆகவே அதை யாரும் திறக்கக் கூடாதாம்.

அந்த 'ஆகவே'தான் என் வயிற்றெரிச்சல். மற்றதையெல்லாம் யாராவது எப்படியாவது நம்பித் தொலையட்டும். அந்தக் கதவு திறந்தால்தான் என் அக்கா கோயிலுக்குள் போக முடியும். நான் எழுத உட்கார்ந்ததற்கு வேறு காரணம் கிடையாது.

நாங்கள் இரண்டு பேர். அக்கா மில்லில் வேலை பார்த்தவள். மில்லை மூடியதும் வீட்டோடு இருந்துவிட்டாள். நான் பாண்டிச்சேரி மேட்டுப்பாளையத்தில் சோப்பை டப்பாவில் அடைக்கும் கம்பெனியில் இருந்தேன், இப்போது சும்மா இருக்கிறேன். ரெட்டியார்பாளையம் தாண்டி, விழுப்புரம் ரோட்டை விட்டு இறங்கி, ஏரிக்கரையில் ஏறினால் எங்கள் வீடு. கரையோடு கொஞ்சம் நடந்தால் கோயிலின் ஏரிக் கதவு.

கோயில் சின்னது. பெரிய இடத்துக் கல்யாணப் பந்தலில் பாதிகூட இருக்காது. அது ஒரு மேட்டின்மேல் இருக்கிறது. ரோட்டுப் பக்கம் மேடு செங்குத்தாக இறங்குவதால் அங்கே படிக்கட்டு. ஒவ்வொரு படியும் மாட்டு வண்டியில் கால் தூக்கி ஏறுகிற உயரம். ஏரிப் பக்கம் அப்படி இல்லை. மேடும் கரையும் ஒரே மட்டம். வாசல்படியும் தேய்ந்து தரையோடு தரையாகிவிட்டது. போன மழைக்கு முந்தின மழையில் அக்காவுக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. கையும் வராது, காலும் வராது, பேச்சு கொஞ்சம் குழறும். வாய் மட்டும் அடங்கவில்லை. அவளைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துக் கரையோடு தள்ளிக்கொண்டு போனால், அந்தக் கதவு வழியாக நேராகப் பீடத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிடலாம். திறந்திருந்தால்.

இனி நான் கேட்டு வளர்ந்த வரலாறு. இதில் அற்புதம் ஒன்றும் இல்லை. அதனால்தான் நான் நம்புகிறேன்.

வெள்ளைக்காரன் காலத்தில் பிரெஞ்சுச் சாமியார் ஒருவர் கோயில் கட்ட இடம் கேட்டார். சுற்றிலும் விவசாயக் குடும்பங்கள். நெல் விளைகிற நிலத்தை யார் கொடுப்பார்கள்? ஏரியோரம் ஒரு மேடு சும்மா கிடந்தது. ஏர் ஓட்டினால் பானையில் இடிக்கும். கொத்தினால் ஓடு வரும், ஓட்டுக்கடியில் எலும்பு வரும். தாழிமேடு என்று அதற்குப் பேர். செத்தவர்களை வைத்துப் புதைக்கிற பெரிய பானைக்குத் தாழி என்று பேர். யார் புதைத்தார்கள், எப்போது புதைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. மாட்டைக்கூட அந்தப் பக்கம் ஓட்ட மாட்டார்கள். "உங்களுக்குத்தான் பேய் பிசாசு பயமில்லையே சாமி, அத்த எடுத்துக்குங்க" என்று சாமியார் தலையில் கட்டிவிட்டார்கள். அவர் பெரிய தானம் கிடைத்த சந்தோஷத்தில் வீட்டுக்கு வீடு போய் மாதா படம் கொடுத்தாராம். இன்றைக்கும் ஏரி நிரம்புகிற வருஷம் அந்தக் குடும்பங்கள் முதல் நெல்லைக் கொண்டுவந்து மாதா காலடியில் கொட்டிவிட்டுப் போகின்றன. தண்ணீருக்காக என்று அவர்கள் சொல்வார்கள். பேயை அடக்கி வைத்ததற்காக என்று என் அப்பா சொல்வார்.

அந்தக் காலத்தில் ரோடு கிடையாது. கரைதான் வழி. அதனால் கோயிலை ஏரியைப் பார்த்துத்தான் கட்டினார்கள். ஏரிக் கதவுக்கு மேலே இப்போதும் ஒரு கல் இருக்கிறது. 'நோத்ர் தாம் தியு லாக்' என்று பிரெஞ்சில் செதுக்கியிருக்கிறது. ஏரி மாதா என்று அர்த்தம். லாக் என்றால் பிரெஞ்சில் ஏரி. ரோடு வந்த பிறகுதான் பக்கச் சுவரை உடைத்து இன்னொரு வாசல் வைத்து, படி கட்டினார்கள். நாளடைவில் அது முன்வாசல் ஆனது, இது பின்வாசல் ஆனது. எவனாவது பெயர்ப்பலகையை வீட்டுப் பின்பக்கம் மாட்டுவானா, பேராசிரியரே? அதுவும் ஆதி முதல் பூட்டிக் கிடக்கிற கதவுக்கு மேலே?

அக்காவின் கல்யாண ஊர்வலம் அந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே போனது. எங்கள் அம்மாவின் சவப்பெட்டி அந்தக் கதவு வழியாகத்தான் வெளியே வந்தது. ஒரு தடவை பூசை நடக்கும்போது எருமை ஒன்று உள்ளே வந்துவிட்டது. பிரசங்கம் முடியும்வரை அசையாமல் நின்று கேட்டுவிட்டு, காணிக்கைப் பை வரும்போது வெளியே போய்விட்டது. நல்ல கிறிஸ்துவன் அப்படித்தான் செய்வான் என்றாள் அக்கா.

பூட்டு வந்தது ஆட்டால். குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள், மறுநாள் எல்லோருக்கும் கொடுக்கக் கட்டி வைத்திருந்த ஓலையை ஆடுகள் ஏரிக் கதவு வழியாக உள்ளே புகுந்து மொத்தமாகத் தின்றுவிட்டன. வேறு ஓலைக்கு எங்கே போவது? மறுநாள் நாங்கள் ஆளுக்கொரு கொத்து வேப்பிலையைப் பிடித்துக்கொண்டு ஓசன்னா பாடியபடி ரோட்டில் பவனி போனோம். எதிரே சைக்கிளில் வந்தவர் இறங்கி நின்று, "எந்த மாரியம்மன் கோயில்ல கூழு?" என்று கேட்டார்.

அந்த அவமானத்தில் கோயில்பிள்ளை ஏரிக் கதவுக்கு வெளியே இரட்டைக் கதவு வைத்த இரும்புக் கிராதி ஒன்று போட்டார். கோயில்பிள்ளை என்றால் மணி அடித்து, விளக்கேற்றி, சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டு இருப்பவர். கிராதிக்கு ஒரு பூட்டும் போட்டார். காலையில் திறப்பார், ஆடு மேய்கிற நேரம் பூட்டுவார், சாயங்காலம் மறுபடி திறப்பார். ஆதி முதல் பூட்டு வழிபாடு என்று நீங்கள் எழுதினீர்களே, அந்த ஆதி இதுதான். ஆட்டுக்குப் போட்ட பூட்டு.

அப்புறம் ஒரு ஜோடி வந்தது. சனி ஞாயிறு வந்தால் சென்னைக்காரர்கள் பாண்டிச்சேரி முழுக்கப் பாரிசைத் தேடுவார்கள். கடற்கரையில் தேடி முடித்துவிட்டு இந்த இரண்டு பேரும் ஏரிப் பக்கம் வந்துவிட்டார்கள். கல்யாணம் ஆகப்போகிறவர்கள். படம் எடுக்க ஒரு ஆளும் கூட. நான் கரையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பையன் தலையைத் தூக்கிக் கல்லைப் படித்தான்.

"நோட்ரே டேம் டு லாக். பாத்தியா? லாக் மாதா!"

"லாக்னா?" என்றாள் பெண்.

"பூட்டுதான். பாரிஸ்ல பாலத்துல பூட்டு மாட்டி சாவியத் தண்ணில போடுவாங்க இல்ல? அதே சிஸ்டம். பாரு, பூட்டுகூட தொங்குது."

எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. "தம்பி, அது பூட்டு இல்ல. ஏரி" என்றேன்.

"ஆமாக்கா, சூப்பர் ஏரி" என்றான். தோள்பையில் போட்டிருந்த சின்னப் பூட்டைக் கழற்றி, கிராதியில் மாட்டி, சாவியை ஏரியில் எறிந்தான். படம் எடுத்தார்கள். போய்விட்டார்கள். அவர்களுக்குக் கல்யாணம் ஆனதா என்றுகூடத் தெரியாது. எங்களுக்கு ஆனது தெரியும்.

அந்தப் படம் எத்தனை போனில் ஓடியதோ, அடுத்த ஞாயிறு முதல் கரையில் கார் நிறுத்த இடமில்லை. காதலுக்குத்தான் பூட்டு என்று ஆரம்பித்தது கொஞ்ச நாளில் எல்லாவற்றுக்கும் ஆகிவிட்டது. மாமியார் வாயைக் கட்ட ஒரு பூட்டு. கோர்ட்டில் எதிராளி சாட்சி வாயைக் கட்ட ஒரு பூட்டு. நெல்லித்தோப்பிலிருந்து ஒருத்தர் மொபெட்டில் வந்து, குடை விரித்து, பூட்டுக் கடை போட்டார். "மாமியா பூட்டு, மாப்ள பூட்டு, கேஸ் பூட்டு" என்று கூவி விற்பார். எல்லாம் ஒரே பூட்டுதான். ஒரு அம்மா, புருஷன் சாராயக் கடைப் பக்கம் போகக் கூடாது என்று ஒரு பூட்டு மாட்டினாள். விஷயம் தெரிந்து புருஷன் வந்து, அவள் அதைப்பற்றிப் பேசவே கூடாது என்று அந்தப் பூட்டின்மேலேயே இன்னொரு பூட்டை மாட்டினான். இரண்டும் இன்னமும் ஒன்றையொன்று கோத்துக்கொண்டுதான் தொங்குகின்றன. வந்து பார்க்கலாம்.

இதில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். வந்தவர்கள் கிராதிக் கம்பியில் மட்டும் மாட்டவில்லை. கிராதியின் இரண்டு கதவும் சேரும் இடத்தில்தான் மாதாவின் பார்வை நேராக விழுகிறது என்று யாரோ கிளப்பிவிட்டதில், இரண்டு கதவையும் சேர்த்தே மாட்டினார்கள். ஒரு நாள் காலையில் கோயில்பிள்ளை கிராதியைத் திறக்க வந்தார். சாவி கையில் இருக்கிறது. பூட்டைக் காணோம். காணோம் என்றால், நூற்றுக்கணக்கில் இருக்கிறது. அதில் அவருடையது எது என்று தெரியவில்லை.

குனிந்து ஒவ்வொரு பூட்டிலும் சாவியை விட்டு ஆட்டிக்கொண்டே வந்தார். நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு பெண் ஓடி வந்து அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"யோவ்! என்னாய்யா பண்ற? எங்க மாமியா வாயத் தொறக்கறியா?"

"யம்மா, நான் என் பூட்டத் தேடறேம்மா."

"ஒன் பூட்டு எது?"

"அதான் தெரியல."

"தெரியலன்னா வுட்டுட்டுப் போ. எங்க ஊட்டுல இப்பத்தான் மூணு நாளா சத்தமில்லாம சோறு துண்றோம்."

அவர் அன்றைக்கு விட்டுவிட்டுப் போனவர்தான். ஏரிக் கதவு அப்படித்தான் மூடிப்போனது. யாரும் மூடவேண்டும் என்று மூடவில்லை. அப்போது அக்கா நன்றாக நடந்துகொண்டிருந்தாள், ரோட்டுப் பக்கப் படியில் ஏறிப் போனாள். கோயில்பிள்ளை கதையை அவளிடம் சொல்லி இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

பிறகு அவளுக்குப் பக்கவாதம் வந்தது. சிரிப்பு நின்றது.

இப்போதைய பங்குச் சாமி நல்லவர், சின்ன வயசு. மாதத்தில் ஒரு நாள் நற்கருணையை வீட்டுக்கே கொண்டுவருவார். நற்கருணை என்றால் ஏசுவே வருவதாக நாங்கள் நம்பி வாங்கிக்கொள்ளும் அப்பம். முதல் தடவை வந்தபோது அக்கா வாங்கிக்கொண்டு அழுதாள். அடுத்த தடவை கேட்டே விட்டாள்: "அவரு எங்க ஊட்டுக்கு வராரு, சரி. நான் அவரு ஊட்டுக்கு எப்ப சாமி வர்றது?" கோயில் கமிட்டியில் பேசிப் பார்க்கிறேன் என்றார் சாமி.

அந்தக் கமிட்டியில்தான் நீங்கள் வந்து சேர்ந்தீர்கள்.

கூட்டம் கூடியதால் கக்கூஸ் கட்டக் குழி வெட்டினார்கள். மேட்டின் ஓரத்தில் முழுசாக ஒரு தாழி வந்தது. பக்கத்தில் இன்னும் சில. கறுப்பும் சிவப்புமாகச் சின்னச் சட்டிகள், எலும்பு. ஊரே வந்து எட்டிப் பார்த்தது. அரசாங்கத்திலிருந்தும் வந்து பார்த்தார்கள், பழைய காலத்து இடம், இனிமேல் தோண்டாதீர்கள் என்று சொல்லி, தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுப் போனார்கள். கக்கூஸ் ரோட்டோரத்துக்குப் போனது. அவர்கள் வேறொன்றும் சொல்லவில்லை. பூட்டைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியது நீங்கள்.

திருவிழாக் கொடியேற்றம். உள்ளே நீங்கள் மைக்கில் இருந்தீர்கள். நான் அக்காவோடு வெளியே கரையில், ஒலிபெருக்கிக்கு அடியில் இருந்தேன்.

"தாழி என்ற சொல்லின் வேர் என்ன? தாழ்! தாழ் என்றால் என்ன? தாழ்ப்பாள்! தாழ்ப்பாள் என்றால் என்ன? பூட்டு! ஆதித் தமிழன் இந்த மேட்டிலே பூட்டை வணங்கியிருக்கிறான் அன்பர்களே! அவன் வணங்கிய பூட்டைத்தான் பிரெஞ்சுக்காரன் லாக் என்று எழுதியிருக்கிறான்!"

உள்ளே கைதட்டலில் காது கிழிந்தது. அக்கா என்னைப் பார்த்தாள்.

"ஏன்டி, பானைய எதுக்குடி பூட்டினாங்க? செத்தவன் எழுந்து ஓடிடுவான்னா?"

"சும்மா இரு, கேக்கட்டும்" என்றேன்.

"நான் சும்மாதான்டி கெடக்கறேன். கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்குது. ஆனா லாக்குன்னு எழுதனது பிரெஞ்சுக்காரன்னு சொல்றாரே, அவனுக்கு எதுக்கு இங்கிலீசு?"

பக்கவாதம் வந்தவளுக்கு வந்த சந்தேகம் உங்களுக்கு வரவில்லை.

சரி, தெரியாமல் பேசுகிறார், தெரிந்தவரைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று நினைத்தேன். ரெட்டியார்பாளையத்தில் ஒரு சொல்தா இருக்கிறார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்குகிறவரை எங்கள் ஊரில் சொல்தா என்போம். மனுஷன் இஸ்திரி போட்ட சட்டை போடாமல் வாசலுக்கு வர மாட்டார். மூக்குக்கு மேல் கோபம். ஆட்டோவில் அழைத்துவந்தேன். உங்களையும் கரைக்கு வரச் சொன்னேன், வந்தீர்கள், மறக்கவில்லை. அவர் கல்லை அண்ணாந்து பார்த்தார்.

"எவன்யா இத்த லாக்னு படிச்சது?"

நீங்கள் சிரித்துக்கொண்டே, "நாந்தான் மிசியே" என்றீர்கள்.

"லாக் இல்லய்யா! இழுக்கக் கூடாது! லக்! சொல்லு, லக்!"

"லக்கா?"

"வுய்! லக்! அதுதான் சரி!"

"மிசியே, அதுக்கு அர்த்தத்தச் சொல்லுங்க" என்றேன்.

"அதத்தானம்மா சொல்றேன்! லக்குன்னா லக்கு! இதக்கூடவா சொல்லித் தரணும்?" என்று என்மேல் பாய்ந்தார். எதிரே தண்ணீரைக் காட்டி, "கண்ணு தெரியல? இவ்ளோ பெரிய லக்கு கெடக்குது!" என்று கத்திவிட்டு ஆட்டோவில் ஏறிவிட்டார். கடைசிவரை ஏரி என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவே இல்லை.

அடுத்த வாரம் ரோட்டு முனையில் பிளக்ஸ் வந்தது. 'பூட்டு மாட்டுங்கள், லக் பெறுங்கள். அருள்மிகு லக் மாதா.' கீழே உங்கள் படம், கை கூப்பியபடி. நான் தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அக்காவிடம் சொன்னேன். குழறக் குழறச் சிரித்தாள். "ஒன்ன அனுப்பனா இப்படித்தான். ஒரு பூட்டு இருந்த எடத்துல ரெண்டா ஆக்கிட்டு வந்து நிக்கற" என்றாள்.

அதற்கப்புறம்தான் கல் வந்தது. அதையும் எங்கே வைத்தீர்கள்? ரோட்டுப் பக்கப் படியின் உச்சியில், வாசலுக்கு முன்னால்.

போன திருவிழா அன்றைக்கு, எப்படியாவது உள்ளே போயே தீருவேன் என்றாள் அக்கா. மில்லில் அவளோடு வேலை பார்த்தவர்களின் மகன்கள் வந்தார்கள், நல்ல தாட்டியான பையன்கள். நாற்காலியோடு அவளைத் தோளில் தூக்கிப் படி ஏறினார்கள். அவள் கல்யாணப் பட்டுப்புடவை கட்டி, தலையில் பூ வைத்திருந்தாள். கூட்டத்துக்கு என்ன புரிந்ததோ, வழிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஒரு அம்மா அவள் காலில் உப்பும் மிளகும் போட்டாள். இன்னொருத்தி கைக்குழந்தையை அவள் புடவையில் தொட்டுத் தொட்டு எடுத்தாள். "யம்மா, நான் மாதா சொரூபம் இல்லம்மா, சூடு சொரணை இருக்கற பொம்பளம்மா" என்று அவள் சொல்லச் சொல்ல, அருள் வந்து பேசுகிறது என்று இன்னும் நாலு பேர் ஓடி வந்தார்கள்.

உச்சிப் படியில் நின்றுவிட்டது. உங்கள் கல்லுக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே நாற்காலி நுழையவில்லை. பையன்கள் சாய்த்துப் பார்த்தார்கள், திருப்பிப் பார்த்தார்கள். நாற்காலியை விட்டுவிட்டு ஆளை மட்டும் தூக்கிக்கொண்டு போகலாமா என்றார்கள். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

"பஞ்சு மூட்ட கணக்கா என்னத் தூக்கிக்கினு போவாதீங்கடா. மில்லுல மூட்ட தூக்கனவ நானு. தூக்கறவங்க மூட்டைய என்னா பேசுவாங்கன்னு எனக்குத் தெரியும்."

உள்ளே பூசை மணி அடித்தது. அவள் கண்ணுக்கு நேரே உங்கள் தங்க எழுத்து. 'ஆகவே' என்ற சொல் சரியாக அவள் மூக்குக்கு எதிரே இருந்தது. இறக்கிவிட்டோம்.

கரையைச் சுற்றி வந்து ஏரிக் கதவுக்கு வெளியே கிராதியை ஒட்டி அவளை உட்காரவைத்தேன். காதாலாவது கேட்கட்டும் என்றுதான். தண்ணீர் வாங்கப் போனேன். திரும்பி வந்தால் நாற்காலி நகரவில்லை. குனிந்து பார்க்கிறேன், சக்கரத்தையும் கிராதியையும் சேர்த்துப் புதுப் பூட்டு ஒன்று தொங்குகிறது. பக்கத்தில் ஒரு அம்மா கண்ணை மூடி வேண்டிக்கொண்டிருக்கிறாள்.

"யம்மா தாயே, இது எங்க அக்கா நாற்காலிம்மா!"

அவள் கண் திறந்து பதறினாள். "ஐயோ, தெரியலக்கா. கிராதில விரல் நுழைய எடமில்ல. இதுவும் கோயிலோடதுன்னு நெனச்சிட்டேன்."

"சாவி எங்க?"

ஏரியைக் காட்டினாள்.

"நீ என்னாக்கா பண்ணிக்கினு இருந்த?" என்று அக்காவிடம் கத்தினேன்.

"பூசைல அப்பத்தத் தூக்கிக் காட்டற நேரம்டி. நடுவுல பேசக் கூடாதுன்னு இருந்தேன்" என்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடியிருக்கிறாள், அதுவும் அந்த நேரம் பார்த்து.

பஞ்சர் கடையிலிருந்து ரம்பம் வந்தது. அறுக்க ஆரம்பித்ததும் அந்த அம்மா சக்கரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "அறுக்காதீங்க! எம் புள்ள கனடா விசாவுக்குப் போட்டதுக்கா! அறுத்தா போச்சி!"

அக்கா அவள் தோளில் இடது கையை வைத்தாள். "ஒம் புள்ள கனடாவுக்குப் போவணும்னா நான் இங்கயே கெடக்கணுமா? எனக்கு இந்தச் சுவத்துக்கு அந்தாண்ட போவவே விசா கெடைக்கலடி."

அந்த அம்மா சிரித்துவிட்டாள். கடைசியில் அவளே பூட்டை அசையாமல் பிடித்துக்கொண்டாள், பஞ்சர் கடைக்காரர் அறுத்தார். ஒரு மாதம் கழித்து அவள் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு லட்டு டப்பாவோடு வந்தாள். மகனுக்கு விசா வந்துவிட்டதாம். பூட்டை மாட்டி அல்ல, அறுத்த பிறகு. அதையும் ஒரு கல்லில் வெட்டுங்கள் பேராசிரியரே.

அந்த லட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு சாமியிடம் போனேன். பூட்டை அறுத்தால் மாதா கோபித்துக்கொள்ளவில்லை, சாப்பிட்டுப் பாருங்கள் என்றேன். சாப்பிட்டார். "எனக்கு மட்டும் ஆசை இல்லையாம்மா? பேராசிரியர் சரின்னு ஒரு வார்த்தை சொன்னா நாளைக்கே வெல்டரைக் கூப்பிடறேன். தொன்மையான கதவு, தொட்டா தப்புன்னு அவர் எழுதி வெச்சிருக்கும்போது நான் எப்படிம்மா கை வைக்கிறது?" என்றார்.

அதனால் உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் நாற்காலி போட்டு, காபி கொடுத்தீர்கள். காபி நன்றாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

"அம்மா, உங்க கஷ்டம் புரியுது. ஆனா வரலாறுன்னா ஆதாரம் வேணும்" என்றீர்கள்.

"எங்க அக்கா கல்யாணம் அந்தக் கதவு வழியா நடந்துச்சு சார்."

"போட்டோ இருக்கா?"

"எங்க கல்யாணத்துக்குப் பந்தலே பக்கத்து வீட்டுப் புடவை சார். போட்டோவுக்கு எங்க போறது?"

"அப்ப எப்படி ஏத்துக்கிறது?"

"ஆதித் தமிழன் பூட்டக் கும்பிட்டானே, அதுக்கு மட்டும் போட்டோ இருக்கா?"

கல்லில் வெட்டியாகிவிட்டது, நிறையப் பேர் அதைப் படித்துவிட்டார்கள், இப்போது மாற்றினால் கோயிலுக்கு அசிங்கம் என்றீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்தேன். லாக் என்றால் ஏரி என்று உங்களுக்கு அதற்குள் தெரிந்திருந்தது. யாரோ சொல்லியிருக்கிறார்கள், இல்லாவிட்டால் எதிலாவது பார்த்திருக்கிறீர்கள். அதனால்தான் தப்பு என்று எழுதாமல் பொய் என்று எழுதினேன். கோயிலுக்கு அசிங்கம் என்று நீங்கள் சொன்னது கோயிலைப்பற்றி இல்லை.

அக்காவுக்குப் பேச்சு இப்போது இன்னும் குழறுகிறது. நான் மட்டும்தான் புரிந்துகொள்கிறேன், சில சமயம் நானும் புரிந்த மாதிரி தலையாட்டுகிறேன். அடுத்த திருவிழா வருகிறது. அதற்கடுத்த திருவிழாவுக்கு அவள் இருப்பாளா என்று டாக்டர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பெட்டியில் வைத்து உள்ளே தூக்கிப் போவதற்கு உங்கள் கல் இடம் விடும், பெட்டி நாற்காலியைவிட ஒடுக்கம், அளந்து பார்த்துவிட்டேன். அவள் அப்படிப் போகக் கூடாது. உட்கார்ந்துகொண்டு, கண் திறந்து, வாய் பேசிக்கொண்டு உள்ளே போகவேண்டும்.

பூட்டு மாட்டியவர்களின் வேண்டுதலுக்கு நான் எதிரி இல்லை. கிராதியை அப்படியே பூட்டுகளோடு கழற்றி, பக்கத்துச் சுவரில் சாத்தி வையுங்கள். எந்த மாமியார் வாயும் திறக்காது. கதவு மட்டும் திறக்கும்.

வரும் ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் நீங்கள் மைக்கைப் பிடிக்க வேண்டும். நீங்கள் பிடிக்காத மைக் இல்லை, அதனால் இது சிரமமாக இருக்காது. ஏரிக் கதவுக்கு மேலே பழைய கல்லில் எழுதியிருக்கும் லாக் என்ற சொல்லுக்குப் பிரெஞ்சில் என்ன அர்த்தம் என்று சனங்கள் முன்னால் சொல்லுங்கள். ஏரிக் கதவை யார் பூட்டியது, எதற்குப் பூட்டியது என்று சொல்லுங்கள். அதை எந்த நாளில் திறக்கப் போகிறீர்கள் என்றும் அங்கேயே சொல்லுங்கள். என்னிடம் தனியாகச் சொல்ல வேண்டாம், காபி வேண்டாம், கமிட்டியில் பேசிச் சொல்கிறேன் என்பது வேண்டாம். என் அக்கா கிராதிக்கு வெளியே உட்கார்ந்திருப்பாள். அவளுக்குக் கேட்கிற மாதிரி, மைக்கில், சத்தமாகப் பதில் சொல்லுங்கள்.